தொகுதி இல்லாத மகளுக்கு

சுங்கை பாக்காப், பினாங்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். முட்டி வலிக்கு மருந்து தவறாமல் சாப்பிடுகிறேன், அதை நினைத்து நீ கவலைப்படாதே. நீ நாடாளுமன்ற மேலவையில் பதவிப் பிரமாணம் எடுத்ததிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்தபடியே இருக்கிறார்கள். பாதிப் பேர் வாழ்த்துச் சொல்ல, மீதிப் பேர் ஏதாவது விண்ணப்பப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. போனில் பேசலாம் என்றால் நீ கூட்டத்தில் இருக்கிறாய், இல்லையென்றால் காரில் இருக்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

மேலவையில் 70 பேர். மாநிலத்துக்கு இரண்டு பேர் என்று சட்டமன்றங்கள் அனுப்புகிறவர்கள் 26 பேர். மற்ற 44 பேர் மாமன்னர் நியமிப்பவர்கள், அதில் நீயும் ஒருத்தி. மக்களவையின் 222 பேருக்கும் ஆளுக்கொரு தொகுதி உண்டு. சாக்கடை அடைத்துக்கொண்டால் சேவை மையத்துக்குப் போய்ச் சத்தம் போட அங்கே ஆள் இருக்கிறது. அப்படியும் எட்டிப் பார்க்காத ஒய்.பி.க்கு, அந்தத் தொகுதி உறுப்பினருக்கு, தேர்தலில் பாடம் புகட்டிவிடுவார்கள். உன்னை அப்படிக் கேட்க யாருக்கும் வழியில்லை. மூன்று வருடம், மறுபடி கொடுத்தால் இன்னொரு மூன்று வருடம், அதற்குமேல் சட்டத்தில் இடமில்லை. இந்தக் காலத்துக்குள் ஊர்ப்பக்கம் தலைகாட்டாமலே நீ இருந்துவிடலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அதுதான் கவலை.

கிராமப்புறம் என்று அங்கே பேச்சு வந்தால் பலருக்கும் கம்பம் என்கிற மலாய்க் கிராமமும் நெல் வயலும்தான் நினைவுக்கு வரும். ரப்பர், செம்பனைத் தோட்டம் அந்தக் கணக்கில் வராமலே காலம் போய்விட்டது. தோட்டம் தனியார் நிலம். அரசாங்கத்தின் கிராம மேம்பாட்டுப் பணம் எல்லாம் தோட்டத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் போகும் செம்மண் பாதை மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறாகிவிடும். கவுன்சிலில் கேட்டால் அது நிர்வாகத்தின் பாதை என்பார்கள். நிர்வாகத்தில் கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். உன் தாத்தா காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார். பள்ளிக்கூடத்துக்கும் இதே கதிதான். நிலம் நிர்வாகத்துடையது என்பதால் அது பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருந்தது. கூரை ஒழுகினால் பெற்றோர் சங்கம்தான் வசூல் செய்ய வேண்டும். நான் படித்ததும் அங்கே, பிறகு பாடம் சொல்லிக் கொடுத்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான். இன்றைக்கும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவிப் பள்ளிகள்தான் என்பது உனக்கே தெரியும். கல்வி பற்றிய விவாதத்தில் நீ எழுந்து நின்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் 1990இல் வந்ததையும் படித்து வைத்துக்கொள். குழாய்த் தண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், மின்சாரம் போதுமான அளவு கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019இல் அதைத் திருத்தித் தோட்டத்துக்கு வெளியே உள்ள முதலாளிகளுக்கும் விரித்தார்கள். இப்போது லயங்களில் இந்தோனேசியாக்காரர்களும் வங்காளதேசத்துப் பையன்களும் இருக்கிறார்கள். நம் ஆட்கள் இல்லையே என்று விட்டுவிடாதே. நம் பாட்டன்மார் எப்படி வந்து இறங்கினார்களோ அப்படித்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று நீயே திறந்து பார்.

அப்புறம், நம் ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்பாய். இங்கே பினாங்கில் பத்து காவான் என்கிற ஊர்ப்பக்கம் போனால் தெரியும். 2014இல் பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்த பிறகு அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள். செம்பனை நின்ற இடத்தில் லோரி நிறுத்துகிறார்கள். தோட்டத்துக் குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் சிதறிப் போய்விட்டன. மாடிப்படியில் ஒரே தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் ஆடி மாதம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். ஜொகூரில் வேலை செய்கிற பிள்ளைகூட லீவு போட்டுவிட்டு வரும். தோட்டம் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. உன் தொகுதி எது என்று யாராவது கேட்டால் அந்தக் கூட்டத்தைக் காட்டு.

வரும்போது மேடைக்கு எதிரே போட்டிருக்கும் சோபாவில் உட்காராதே. மாலை, பொன்னாடை எல்லாம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நேராகப் பின்னால் சமையல் கொட்டகைக்குப் போ. வெங்காயம் உரிக்கிற பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைக் கையில் எடு. மைக்கில் வராத பேச்செல்லாம் அங்கேதான் வரும். யார் வீட்டில் மகன் வேலை இழந்தான், யாருடைய பேத்திக்குச் சூராட் பிரானாக், அதாவது பிறப்புச் சான்றிதழ், இல்லாததால் பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள், யாருக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தது, எல்லாம் ஒரு கூடை வெங்காயம் தீர்வதற்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவது லயத்துப் பாட்டி உனக்கு ஞாபகம் இருக்கும், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் உன்னைத் தூக்கி வளர்த்தவர். இன்னும் அவரிடம் சிவப்பு ஐ.சி.தான், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே ரப்பர் பால்மரம் சீவி, பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். பிள்ளைகள் எல்லாரும் குடியுரிமைக்காரர்கள், அவருக்கு மட்டும் ஓட்டு இல்லை. போன வாரம் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டு வைத்த பழைய சம்பளத் துண்டுகள், கணவரின் இறப்புச் சான்றிதழ், மடித்து மடித்துக் கோடு விழுந்த இடத்தில் கிழியத் தொடங்கிய ஒரு அரசாங்கக் கடிதம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று அதில் மலாயில் எழுதியிருக்கிறது. ஒரு தடவை மலாய்ப் பேச்சுத் தேர்வுக்குக் கூப்பிட்டார்களாம். பாசாரில், சந்தையில், நாள் முழுக்க மலாய் பேசுகிறவர்தான், அதிகாரியின் முன்னால் பயத்தில் வாயே திறக்கவில்லையாம்.

அவர் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொன்னார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. முன்னே ஒரு பெரிய மனிதர் வந்து பெயரை எழுதிக்கொண்டு, கையைப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டு போனாராம். அந்த மனிதர் காரியம் முடித்துத் தராததுகூடப் பாட்டிக்கு வருத்தமில்லை. முடிந்ததா, முடியவில்லையா என்று திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றார்.

முதல் தடவை போவது எல்லாருக்கும் சுலபம் அம்மா. அரிசி மூட்டை கொடுக்கவும் படம் எடுக்கவும் எத்தனையோ பேர் போகிறார்கள். நீ இரண்டாவது தடவை போக வேண்டும். கிடைக்கவில்லை என்பது பதிலானால் அதையும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் மனத்துணிவு தேவை.

அந்தக் காலத்தில் நம் இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தனைப் பற்றித் தாத்தா சொல்லி நீயும் கேட்டிருப்பாய். தோட்டத் துண்டாடல் நடந்த காலம் அது. வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போனான், வாங்கியவன் துண்டு துண்டாக விற்றான், நம் சனங்கள் சட்டி பானையோடு ரோட்டில் நின்றார்கள். தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அமைச்சராக இருந்துகொண்டே அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். ஒரு பங்கு நூறு வெள்ளிப் பணம், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பத்து வெள்ளி என்றால் அப்போது பல நாள் கூலி. தாத்தா பாட்டியிடம்கூடக் கேட்காமல் கட்டினாராம். மேடைப் பேச்சை மட்டும் நம்பி யாரும் அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. அவரை மறுபடி மறுபடி கண்ணால் பார்த்ததால் கொடுத்தார்கள்.

உங்கள் மேலவையால் ஒரு சாதாரண மசோதாவைத் தள்ளிப்போடத்தான் முடியும், நிறுத்த முடியாது என்று நீ அலுத்துக்கொண்டாய். இருக்கட்டும். எழுத்து மூலம் ஒரு கேள்வி கேட்டால் அமைச்சு பதில் கொடுத்தாக வேண்டும், அது நாடாளுமன்றப் பதிவில் ஏறிவிடும். சிவப்பு ஐ.சி.யோடு வயதானவர்கள் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை காலமாக என்று கேள். அந்தப் பதிலை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஊருக்கு வா.

திருவிழாவுக்கு டிரைவர் எல்லாம் வேண்டாம். கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் சுமார் நாலு மணி நேரம். புக்கிட் மெர்தாஜாமில் இறங்கிக்கொள், தம்பி வந்து கூட்டிவருவான்.

பாட்டியின் தாள்களை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அசல் அவரிடமே இருக்கட்டும், கை மாறினால் தொலைந்துவிடும். கடிதத்தின் மேல் மூலையில் கோப்பு எண் இருக்கிறது, முதலில் அதை வைத்து விசாரி. என்ன தெரிந்தாலும் என்னிடம் சொல்லி அனுப்பாதே. அவர் பேரனின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே கூப்பிட்டுப் பாட்டியிடம் பேசு. காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேச வேண்டும். இரவு எட்டு மணிக்குள் கூப்பிடு, அதற்குப் பிறகு படுத்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா