மட்டி வாழைக்கு முத்திரை கிடைத்தது, கன்று எப்போது கிடைக்கும்?

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகளுக்கும்,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாற்பது சென்ட் விளையில் வாழை வைத்திருப்பவன் எழுதுகிறேன்.

கிணற்றோரம் பேயன், வேலியோரம் பாளையங்கோட்டன், வீட்டுக்குப் பின்னால் மட்டியும் செவ்வாழையான செந்துளுவனும் சில மூடு. மீதி இடமெல்லாம் ஏத்தன், அதாவது நேந்திரன். சந்தைக்குப் போவது ஏத்தன்தான், மற்றதெல்லாம் வீட்டுக்கு. என் மகளுக்குப் பால் தவிர முதலில் ஊட்டியது மசித்த மட்டிப்பழம். எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குலை தள்ளி நின்ற ஏத்தன் அத்தனையும் சாய்ந்தது. எல்லாம் ஒன்றாக நட்டவை, ஒரே உயரம். மட்டியும் செந்துளுவனும் ஒவ்வொன்றும் ஒரு வயதில் நின்றன. பெரியவை ஒடிந்தன, இடுப்புயரக் கன்றுகள் தப்பின. ஏத்தனுக்குப் பத்துப் பதினொரு மாதம், செந்துளுவனுக்கு ஒன்றரை வருடம் வரை ஆகும். அதனால் அடுத்த வருடம் ஏதாவது ஒன்று குலை தள்ளிக்கொண்டே இருந்தது.

2023-இல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டோம். சரி, கன்றுக்கு எங்கே போவது? இன்றும் அக்கம்பக்கத்து விளைகளில்தான் கேட்டு வாங்குகிறோம். போன வருடம் அப்படி வாங்கி வைத்த ஐந்து மூட்டிலும் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய். இலை குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நின்றது. காம்பில் விட்டுவிட்டுக் கரும்பச்சைக் கோடுகள். அசுவினிப் பூச்சி மற்ற வாழைக்கும் பரப்பிவிடும் என்று கிழங்கோடு தோண்டி அழித்தேன். கன்றைப் பார்த்து வாங்கினால் போதும் என்று இருந்தேன், ஆனால் வாங்கும்போது அவை நன்றாகத்தான் இருந்தன.

கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்ததும் இதே நோய்தான். வைரஸ் இல்லை என்று சோதித்து, ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உண்டாக்கிய கன்றுகளைக் கொடுத்துத்தான் அதை மீட்க முடிந்தது. மட்டிக்கும் பேயனுக்கும் அதையே செய்யுங்கள், அவை அந்த நிலைக்குப் போகும் முன்பே. எங்களுக்கு ஆயிரம் கன்று வேண்டாம். ஆளுக்குப் பத்து மட்டி, ஐந்து பேயன், அதுவும் பக்கத்துத் தோட்டக்கலைப் பண்ணையிலேயே கிடைத்தால் போதும்.

அந்தக் கன்றுகளை உண்டாக்கத் தாய்மரம் வேண்டுமென்றால் எங்கள் விளைகளுக்கு வாருங்கள். என் வீட்டுக்குப் பின்னால் மூன்று மூடு மட்டி இன்னும் நோயில்லாமல் நிற்கிறது. சோதித்துப் பார்த்து, வேண்டிய கன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட வாழை விவசாயி