அந்த மெல்லிய விசில்

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. பெரியம்மா கனடாவிலிருந்து எடுத்துக் கதைத்தார், உன்னைக் கேட்டார், வேலை கூட என்று சொல்லி வைத்தோம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் கந்தோர்த் தம்பி புதன்கிழமை பழைய கசட் டெக்கை எடுக்க வருவதாகச் சொன்னான், அவனிடமே கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஒன்று. ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வை. இதை நெடுகச் சொல்கிறேன் என்று உனக்கு அலுப்பாக இருக்கும். பரவாயில்லை, குறைத்து வை.

சித்திரை வருஷத்துக்கு முதல் கிழமை உங்கள் கந்தோருக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து அம்மாவுக்கு அதைப் பற்றியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நுகேகொடையில் ஒரு தையல் கடைக்கு மேலே, ஒடுங்கிய படி ஏறிப் போனால் மூன்று பேர் இருந்து படம் எடுத்துச் சத்தம் சரிசெய்கிற ஒரு அறை. ஆனால் அந்த அறைக்குள் எவ்வளவு சாமான்! இரண்டு ஸ்பீக்கரும் காது மட்டத்துக்கு வருகிற மாதிரி ஸ்டாண்டில் ஏற்றியிருந்தீர்கள். ஸ்பீக்கருக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில்தான் கதிரையும் இருந்தது. முக்கோணம் வடிவாக வந்திருக்கிறது என்று நானே மனதுக்குள் அளந்து பார்த்தேன். திரையின் நிறம் சரி பார்க்கிற அந்தச் சின்னக் கருவி மொனிட்டரில் பல்லி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளையின் கீபோர்ட் சத்தம் பழைய தட்டச்சுப் பொறியை நினைப்பூட்டியது. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி ஸ்விட்ச், வேண்டுமென்றால் கழற்றி மாற்றலாம் என்று ஒன்றைக் கழற்றிக் கையில் தந்தாள். ஒரு விசைக்குள் இவ்வளவு விஷயமா என்று இருந்தது எனக்கு. சுவரில் முட்டை அட்டை ஒட்டாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். முட்டை அட்டை சத்தத்தைப் பெரிதாக உறிஞ்சாது, பார்வைக்கு மட்டும்தான் ஸ்டூடியோ மாதிரி இருக்கும். நீங்கள் கம்பளிப் பஞ்சுப் பலகை செய்து, துணி போர்த்தி, சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்திருந்தீர்கள். விலக்கி வைத்தால்தான் கீழ்ச்சுருதி அடங்கும். அதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. நீயே படித்திருக்கிறாய்.

2022 இல் நீ இதைத் தொடங்கப் போகிறேன் என்றபோது நான் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்கு ஏறிய வருஷம். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. யூனிட்டி பிளாசாவில் அந்த கிராபிக்ஸ் கார்ட்டின் விலையைக் கேட்டுவிட்டு நான் படியிலேயே இருந்துவிட்டேன். வங்கி வேலையை விட்டுவிட்டு இதுவா என்று அன்று உன்னிடம் கேட்டது பிழை. நீ என்னிடம் ஒரு சதம் கேட்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து அந்தக் காசைக் கட்டி முடித்துவிட்டீர்கள். இதை நான் உனக்கு நேரே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் மூன்று பேரும் புரொஜெக்டர் போட்டுப் படம் பார்ப்பதை நான் அந்தத் தம்பி சொல்லித்தான் அறிய வேண்டுமா? 1977 இல் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி'யை அவன் எங்கோ தேடிப் பிடித்துப் போட்டானாம். ஒரு சிங்களப் பெடியன் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் படம் காட்டியிருக்கிறான். என்னையும் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்கலாம். 138 பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுவேன். சரி, அது கிடக்கட்டும்.

அந்தக் காலத்துப் படங்கள் இன்று ஏன் இவ்வளவு அருமையாகிவிட்டன என்று அவனுக்கு நான் சொன்னேன். 83 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தலையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனை படங்களின் நெகட்டிவ் அதோடு போனது! எங்கள் கசட் கடைக்கு நடந்தது உனக்குத் தெரியும், திரும்ப எழுத விருப்பமில்லை. அதனால்தான் கேட்கிறேன், உங்கள் வேலையெல்லாம் எத்தனை பிரதி வைத்திருக்கிறீர்கள்? மூன்று வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்று அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். வெளியே வைப்பதை எங்கள் வீட்டு அலுமாரியில் கொண்டுவந்து வை. கடல் காற்றுக்கு நான் அந்த ஈரம் உறிஞ்சுகிற சிலிக்காப் பொட்டலம் போட்டு, டப்பாவில் மூடி வைப்பேன். மாதம் ஒரு தடவை மாற்றிக் கொண்டுபோகலாம். மாதம் ஒரு தடவையாவது வருவாய்.

ஹெட்போன் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு ஒன்று சொல்கிறேன், குறித்து வை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் கேட்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2. 100 க்குப் போனால் கால் மணித்தியாலம்தான். உள்காதில் நத்தை மாதிரிச் சுருண்ட ஒன்று இருக்கிறதே, அதற்குள்ளே மயிர் மாதிரி மெல்லிய கலங்கள். உயர்ந்த சுருதியைக் கேட்கிறவை வாசலிலேயே இருக்கின்றன. அடி முதலில் அவைக்குத்தான் விழும். ஒருக்கால் செத்தால் திரும்ப முளைக்காது.

இது உனக்கு எப்படித் தெரியும் அப்பா என்று கேட்பாய். போன மாதம் நான் காது பார்க்கப் போனேன். அம்மாவுக்குத் தெரியாது.

ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்தி, கதவை மூடி, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள். பீப் கேட்டால் அமுக்க வேண்டும். ஹெட்போனும் பொத்தானும்தான், என் தொழிலே அதுதானே என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் அமுக்கிக்கொண்டே வந்தேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அமைதியாக இருந்தது. இடைவேளை விடுகிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் அந்தப் பிள்ளை தன் மெஷினில் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்கிறாள். அவள் பீப் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கையில் ஒரு தாள் தந்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் புள்ளடி. 2000 ஹெர்ட்ஸ் சுருதி வரை கோடு ஓரளவு நேராக வருகிறது. 4000 இல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்குகிறது. அதற்குப் பிறகு ஏறவேயில்லை. 4000 இல் இப்படி விழுந்தால் அது இரைச்சல் பிடித்த காது, வயது அதற்கு மேலே வந்து சேர்ந்தது என்று விளங்கப்படுத்தினார்கள்.

எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை. எனக்குத் தெரியும். கடை மூடுவதற்கு முதலே தெரியும். 24 வருஷம் பஸ் ஓடுகிற காலி வீதியைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பதிந்தேன். ஒரு சி-60 பதிய ஒரு மணித்தியாலம், ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கசட். பஸ் சத்தத்துக்கு மேலே பாட்டைக் கேட்க வேண்டும் என்று ஹெட்போனில் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். தெஹிவளையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஆட்கள் லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள், இவரிடம் கொடுத்தால் இரைச்சல் இருக்காது என்று. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எனக்குக் காது சரியில்லை என்று யாருக்குச் சொல்வது?

பிறகு என்னை நானே ஏமாற்ற ஒரு வசதியும் இருந்தது. நான் விரும்பிக் கேட்கிறதெல்லாம் பழைய பாட்டு. அந்த 78 தட்டுகளிலும் மத்திய அலை வானொலியிலும் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் கிடையாது. சிங்களப் பாடகர் மொஹிதீன் பேக்கின் பாட்டை உன் கந்தோர்த் தம்பி போட்டபோது எனக்கு ஒரு எழுத்துக் குறையவில்லை. சேலத்தில் பிறந்த ஒரு முஸ்லிம், புத்தரின் வெசாக் பண்டிகைக்குப் பந்தல் பந்தலாக அவர் குரல்தான் கேட்கும் என்று அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். என் காதில் இல்லாமல் போனது அந்தப் பாட்டிலும் முதலே இல்லை. அதனால் எல்லாம் முன்போலவே இருக்கிறது என்று நம்பினேன். வீட்டு லேன்ட்லைனும் அப்படித்தான், 3400 க்கு மேலே அனுப்புவதில்லை. நீ போனில் எடுத்தால் எனக்குத் தெளிவாகக் கேட்கும். மேசைக்கு எதிரே இருந்து நீ மெல்லக் கதைத்தால் ச வும் ஸ வும் உதிர்ந்துவிடும். வாயைப் பார்த்துச் சமாளிப்பேன்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

போன நவம்பர், மழை, இரவு ஒன்பது இருக்கும். லேப்டொப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாய். மீன்பிடிக்கிற ஆட்களைப் பற்றிய அந்த இருபது நிமிஷப் படம். என் காதில் உன் ஹெட்போனை நீயே மாட்டிவிட்டு, 'அப்பா, இதில் ஏதும் இரைச்சல் இருக்கா என்று பாருங்கோ' என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டேன். கிழவரின் குரல் வந்தது, அலை வந்தது. கழற்றிவிட்டு, சுத்தமாக இருக்கிறது, அனுப்பு என்றேன். நீ என் தோளைத் தட்டிவிட்டுப் போனாய்.

மூன்றாம் கிழமை அது திரும்பி வந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. சித்திரையில் அந்தத் தம்பி சொன்னான். கிழவர் கதைக்கிற இடமெல்லாம் பின்னால் ஒரு மெல்லிய விசிலாம். மலிவுச் சார்ஜர் ஒன்று மைக் வயருக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. கிழவரிடம் திரும்பப் போய், எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, அந்த மாதக் காசும் பிந்தி, வீட்டு வாடகையும் பிந்தி. நீ வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வேலையையும் என்னிடம் கொண்டுவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதும் குறைந்தது.

எனக்குத் தெரிந்திருந்தது மகள். கேட்டுக்கொண்டிருந்தபோதே, மேல்சுருதியில் ஏதாவது இருந்தால் எனக்குக் கேட்காது என்று தெரிந்திருந்தது. எனக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை, அந்தத் தம்பியிடம் கேட்டுப் பார் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நீ என்னை மாஸ்டராகப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய், எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. உன் வேலைக்கு நான் பொய் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்.

உன்னோடு கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் அதற்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடுவதாக இல்லை. அந்த விசிலை நீ ஏன் கேட்கவில்லை? நீ ஏன் என்னிடம் கொண்டுவந்தாய்? உன்னைவிட நல்ல காது யாருக்கு?

சித்திரையில் நான் உங்கள் வாசலில் நின்று உன்னை இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. தம்பி எழும்பி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாய். ஹெட்போன் போட்டிருந்தேன் அப்பா என்று சிரித்தாய். ஹெட்போன் உன் கழுத்தில் கிடந்தது. போனையும் நீ இப்போது வலது காதில் மட்டும்தான் வைக்கிறாய். அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். கரண்ட் இல்லாத அந்த வருஷம் பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று இரவிரவாக ஹெட்போனோடு இருந்தாயே, நான் பஸ் சத்தத்துக்குக் கூட்டின மாதிரி. நாலு வயதில் கவுண்டருக்குக் கீழே உன்னை இருத்தி, வழுகி விழுகிற ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்து உன் காதில் வைத்ததும் நான்தான்.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். காதில் குறும்பி அடைத்திருக்கலாம், தடிமன் பிடித்ததாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் விடாதே. நான் 25 வருஷம் பார்க்காமல் விட்டேன்.

என் தாளை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், அம்மாவிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே. வருகிற சனிக்கிழமை காலை 9.30 க்கு அதே இடத்தில் காது பார்க்கச் சனல் பண்ணி நேரம் எடுத்திருக்கிறேன். இரண்டு நம்பர். 6 எனக்கு, காதுக்கு மெஷின் வைக்க அளவெடுக்க வேண்டுமாம். 7 உன் பெயரில் இருக்கிறது. நான் எட்டரைக்கு உன் கந்தோர்ப் படியடியில் நிற்பேன்.

அன்புடன்,
அப்பா