ரெண்டு நாள் ஜெர்மனி டூர்னா ஹாலேயையும் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நம்ம பத்திரிகைல வர்ற ஜெர்மனி டூர் கட்டுரை எல்லாத்துலயும் பெர்லின், மியூனிக்னுதான் வருது, ஹாலேன்னு ஒரு ஊர் இருக்கிறதையே யாரும் சொல்றதில்லைங்க, லைப்சிக்ல இருந்து ட்ரெயின்ல அரை மணி நேரம்தான். 1706-ல தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படிச்ச ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் இந்த ஹாலேல படிச்சவர்தான், அவர் லத்தீன்ல எழுதுன தமிழ் இலக்கணத்தை 1716-ல அச்சடிச்சதும் இதே ஊர்ல. அங்க இருக்கிற ஃப்ராங்கே ஃபவுண்டேஷன்ல (அந்தக் காலத்து அனாதை இல்லமும் பள்ளிக்கூடமும் இருந்த வளாகம்) நம்ம தமிழ் ஓலைச்சுவடியெல்லாம் இன்னைக்கும் பத்திரமா வெச்சிருக்காங்க, மாடில இருக்கிற பழைய அதிசயப்பொருள் அறையை மட்டும் அவசரமா பாக்காதீங்க, அரை நாள் ஒதுக்குங்க. நான் போய் நின்னப்போ கண்ணு கலங்கிடுச்சு.

மறுநாள் காலைல மாநில மியூசியம், அங்க நெப்ரா வட்டுன்னு சுமார் 3600 வருஷத்துக்கு முந்தின வெண்கலத் தட்டு, தங்கத்துல சூரியனும் நிலாவும் நட்சத்திரமும். அப்புறம் சந்தைச் சதுக்கத்து சர்ச், இசையமைப்பாளர் ஹேண்டலுக்கு ஞானஸ்நானம் குடுத்தது இங்கதான், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்குன மார்ட்டின் லூதர் இறந்தப்புறம் அவர் முகத்துல எடுத்த அச்சும் இருக்கு. ஹேண்டல் பொறந்த வீடு பக்கத்துலயே, நடந்தே போயிடலாம்.

ஒண்ணே ஒண்ணு, திங்கக்கிழமை போகாதீங்க, மியூசியமெல்லாம் பெரும்பாலும் லீவு. உங்க பயணப் பக்கத்துல இந்த ஊரைப் பத்தி ஒரு முழுப்பக்கம் போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்