நாற்றுக்கு ராத்திரிதான் கணக்கு

அன்புக் கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை அப்பாவிடமும் காட்டினேன். டொராண்டோ ஜன்னலோரத்தில் எட்டுத் தயிர் டப்பா, எட்டிலும் தக்காளியும் மிளகாயும்! "வெளியே வைக்கலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறாய். இன்னும் வேண்டாம் கண்ணு.

இங்கே டில்லி மயூர் விஹாரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் செடிகளுக்கு நிழல் தேடி அலைகிறேன். உனக்கோ பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரிக் குளிர் விடவில்லை. நாற்றுக்கு ராத்திரிதான் கணக்கு. தக்காளிக்கு ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. மிளகாய் இன்னும் குளிர் தாங்காது, அதற்குக் குறைந்தது 13 டிகிரி வேண்டும்.

கல்யாணமாகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வருஷம் எனக்கு இது தெரியவில்லை. கும்பகோணத்துப் பழக்கத்தில் பொங்கலன்று பன்னிரண்டு தக்காளி நாற்றைக் கொல்லையில் நட்டேன். மூன்றாம் நாள் காலையில் அத்தனையும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் துவண்டு கிடந்தது. உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர்தான், "ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் வரும் பசந்த் பஞ்சமி தாண்டட்டும், பிறகு நடுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். டில்லியில் அதற்கப்புறம் நான் அவசரப்பட்டதே இல்லை.

சரி, செடியைப் பார். முதலில் வந்த இரண்டு இலையும் வித்திலை, அதைக் கணக்கில் சேர்க்காதே. அதற்கு மேல், தக்காளி இலை மாதிரியே வெட்டு வெட்டாக நாலைந்தாவது வர வேண்டும். தண்டு குட்டையாகத் தடித்திருக்க வேண்டும். உன் இடது பக்கத்து மூன்றும் வெளுத்து, நெட்டையாக ஜன்னல் பக்கம் சாய்கின்றன. வெளிச்சம் போதவில்லை. கண்ணாடிக்கு நெருக்கி வைத்து, தினம் டப்பாவைத் திருப்பு. காலையும் மாலையும் உள்ளங்கையால் மேலே லேசாகத் தடவிக்கொடு. காற்றில் ஆடினாற்போல் தண்டு உறுதிப்படும்.

உங்கள் ஊரில் விக்டோரியா நாள் வாரக் கடைசியில்தான் தக்காளி நடுவார்கள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னாராமே. மே 25-க்கு முந்தைய திங்கள். அவர் சொல்வதைக் கேள். அதற்குப் பத்து நாள் முன்னால் வெளியே பழக்கத் தொடங்கு. முதல் நாள் ஒரே ஒரு மணி நேரம், நிழலில், காற்று அடிக்காத மூலையில். அப்புறம் தினம் ஒன்றிரண்டு மணி கூட்டிக்கொண்டு போ. நாலாம் நாளுக்கு மேல் காலை வெயில் காட்டலாம். தண்ணீரைக் கொஞ்சம் குறை, ஆனால் வாட விடாதே. இலை திட்டுத் திட்டாக வெளுத்தால் வெயில் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த இலை தேறாது. குருத்து பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

நடுவதைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள். தக்காளியைக் கீழ் இலை வரைக்கும் ஆழமாகப் புதை, மண்ணுக்குள் போகும் தண்டிலும் வேர் விடும். உன் நெட்டைச் செடிகளுக்கு இதுதான் வழி. மிளகாயை மட்டும் டப்பாவில் இருந்த மட்டத்துக்கே நடு.

முதல் நாள் வெளியே வைத்ததும் போன் பண்ணு. இங்கே மணி என்ன ஆனாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் உள்ளே எடுத்து வைக்க நானே ஞாபகப்படுத்துகிறேன்.

அன்புடன்,
அம்மா