ஜூலையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு வருடம் பொறுக்கலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்.கே.ஜி. சேர்க்கைக் காலம் வந்துவிட்டது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிராமத்து மந்தை வரைக்கும் பள்ளிகளின் பிளக்ஸ் தட்டிகள்தான். இரண்டரை வயது முடிந்தாலே கொண்டுவந்து விடலாம் என்று சில தட்டிகள் அழைக்கின்றன. நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்குள் இன்னமும் 'பால்வாடி டீச்சர்'தான். சித்திரை பிறந்துவிட்டால் இளம் தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கேட்பார்கள்: "டீச்சர், இவன் ஜூலையில பொறந்தவன். இந்த வருசமே பள்ளிக்கூடத்துல விட்ரவா, அடுத்த வருசம் பாக்கவா?"

பெரும்பாலும், "ஒரு வருசம் பொறுத்து விடு தாயி" என்றுதான் சொல்கிறேன். கேட்கிறவர்களில் பாதிப் பேரால் அப்படிப் பொறுக்க முடிவதில்லை. அது அவர்கள் தப்பும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்திருந்தால் எல்.கே.ஜி., ஐந்து நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு என்பது நம் மாநிலத்துக் கணக்கு. இந்தக் கணக்கின்படி ஒரு ஆகஸ்ட் முதல் தேதி பிறந்த பிள்ளையும் அடுத்த ஜூலை கடைசியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். ஒன்றுக்கு நான்கு வயது முடியப் போகிறது, மற்றொன்றுக்கு இப்போதுதான் மூன்று முடிந்திருக்கிறது. நமக்கு ஒரு வருடம் என்பது பெரிதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஆயுசில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய பிள்ளை கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். சின்னப் பிள்ளை கதை பாதியில் இருக்கும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடும். போகத்தான் செய்யும், அந்த வயது அப்படி. ஆனால் அதைத்தான் 'கவனிக்க மாட்டேங்கிறான்', 'ஸ்லோவா இருக்கான்' என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். அதைப் படித்துவிட்டு அப்பன் அடிக்கிறான். என் மனதை மிகவும் வருத்துவது இதுதான். பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, பிறந்த மாதம்தான் பிந்திவிட்டது.

கையைப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் கிரேயானைக் கொடுத்தால் முஷ்டியாகத்தான் பிடிக்கும். கோடு போட விரல் அசையாது, தோள்பட்டையே அசையும். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாக முற்றியிருக்காது, மீதி எல்லாம் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோடு நோட்டில் கோட்டைத் தாண்டாமல் எழுதச் சொன்னால் எப்படி எழுதும்? பால்வாடியில் நாங்கள் புளியங்கொட்டையையும் சோழியையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்வோம், களிமண் பிசைய விடுவோம், மணி கோக்க விடுவோம். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்திலும் இந்த மாதிரிதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு. அந்த விரல்கள் பிறகு பென்சில் பிடிப்பதற்கான வேலை அங்கேதான் நடக்கிறது.

அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கை உச்சந்தலையோடு நின்றுவிடும். கை நீண்டு காது எட்டினால்தான் சேர்க்கை. அது பெரிய விஞ்ஞானம் இல்லை. அதை வைத்துத் தோராயமாக ஒரு பிறந்த தேதியை எழுதிவிட, என் வயதுக்காரர்கள் பலருக்குச் சான்றிதழில் ஒரு பிறந்த நாள், வீட்டில் ஒரு பிறந்த நாள். ஆனாலும் அந்தத் தலைமையாசிரியர் பிள்ளையைப் பார்த்தார். இன்றைக்கு ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் பார்க்கிறோம்.

காது எட்டுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. ஒண்ணுக்கு வந்தால் தெரியாத ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்லுமா என்று பார்ப்பேன். என்னைக் கேட்டால் முதல் கேள்வி அதுதான், எழுத்தும் எண்ணும் எல்லாம் பிறகு. எங்கள் தெருப் பையன் ஒருவன், ஜூலைக் கடைசியில் மூன்று முடிந்தவன், போன வருடம் டவுனில் ஒரு பள்ளியில் சேர்ந்தான். காலை ஏழேகால் மணிக்கு வேன். இரண்டு வாரம் அழுதான், பிறகு அழுகை நின்றது. பழகிவிட்டான் என்று வீட்டில் நினைத்தார்கள். ஆடி முடிவதற்குள் காய்ச்சல். டாக்டர் சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கிருமித் தொற்று என்றார். விசாரித்தால், காலையில் போனவன் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வரைக்கும் அடக்கியே வைத்திருக்கிறான். "மிஸ்கிட்ட இங்கிலீஷ்ல கேட்டாத்தான் விடுவாங்களாம் டீச்சர், இவனுக்கு அது வாயில வரலையாம்" என்று அவன் அம்மா என்னிடம் சொல்லி அழுதாள். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்கு வருமே என்று தண்ணீர்ப் பாட்டிலையும் தொடாமல் இருந்திருக்கிறான். தீபாவளியோடு நிறுத்திவிட்டார்கள். கட்டிய ஃபீஸ் திரும்பி வரவில்லை. மீதி மாதங்கள் பால்வாடிக்குப் போனான். அவனாகவே டிபன் பாக்ஸ் திறப்பான், செருப்பு மாட்டுவான், பக்கத்துப் பிள்ளையைப் பற்றிக் கோள் சொல்வான். வருகிற ஜூனில் மறுபடி எல்.கே.ஜி. போகிறான். இப்போது அவன் தயார்.

"ஒரு வருசம் வீணாப் போயிருமே" என்று மாமியார்கள் சொல்வார்கள். நீட் எழுதுவதற்கே அந்த வருடக் கடைசிக்குள் 17 வயது நிறைய வேண்டும். குரூப் 4 தேர்வுக்கு 18, வி.ஏ.ஓ. பதவிக்கு 21. முன்கூட்டியே ஓடிப்போய் எந்த வாசலில் நிற்கப் போகிறோம்?

பொறுக்க முடியாத குடும்பங்களுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிறார்கள். பால்வாடி திறப்பதற்கு முன்பே ஆலை வேன் கிளம்பிவிடும். வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையென்றால், ஏழேகால் மணி பள்ளி வேன்தான் அந்தத் தாய்க்குக் கிடைத்த ஒரே ஆயா. அவளைப் போய் 'அவசரப்படுகிறாய்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு தடை சட்டத்தின் பெயரால் வருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. எல்.கே.ஜி.க்கு அந்த இடம் கேட்கிற பிள்ளை ஜூலை 31 அன்று மூன்று வயது முடித்திருக்க வேண்டும், நான்கைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆகவே ஜூலையில் பிறந்த பிள்ளையை ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு விண்ணப்பித்தால் 'வயது கூடிவிட்டது' என்று போய்விடும். ஒன்றாம் வகுப்பில் கேட்கலாம் என்றால், எல்.கே.ஜி.யிலிருந்து நடக்கும் பள்ளிகளில் அந்த இடம் எல்.கே.ஜி.யிலேயே நிரம்பிவிடும். பணம் கட்டுகிற வீட்டுப் பிள்ளையை நான்கேகால் வயதில் எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்ளப் பள்ளிகள் தயங்குவதில்லை. ஆக, பிள்ளைக்குப் பக்குவம் வரட்டும் என்று காத்திருக்கிற உரிமை காசு இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். இது அநியாயம்.

இதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேயடியாக வயதைக் கூட்டிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது, கேந்திரிய வித்யாலயாக்களில் 2022-23 முதல் அப்படித்தான் சேர்க்கிறார்கள். ஃபின்லாந்தில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அங்கே அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நல்ல மையங்கள் இருக்கின்றன. இங்கே புத்தகமும் இல்லாமல் பேச்சுத்துணைக்கு ஆளும் இல்லாமல் டி.வி. முன்னால் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு வருடம் கூடுதலாக வீட்டில் இரு என்றால் அது நஷ்டம்தான். செப்டம்பரில் பிறந்து துறுதுறுவென்று இருக்கிற பிள்ளையையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை. நம் மாநிலத்து ஐந்து வயது அப்படியே இருக்கட்டும். ஐந்தில் விட்டே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் இருந்தால் போதும்.

காத்திருக்கிற வருடத்தைப் பிள்ளை எங்கே கழிக்கும்? பால்வாடியில்தான். 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். ஏழை வீடுகளில் அதற்கு எவ்வளவு வரவேற்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். 2022-ல் அவற்றை நிறுத்தப் பார்த்து, எதிர்ப்பு வந்த பிறகு தொடர்ந்தார்கள். ஆனால் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்ந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான் அனுபவமுள்ள, நிலையான ஆள் வேண்டும். பாதி வருடத்தில் முகம் மாறினால் அந்தப் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து அழத் தொடங்கும். ஒரே பணியாளர் இரண்டு மையங்களைப் பார்க்கிற நிலை இன்னும் இருக்கிறது. ஆலைகள் உள்ள பகுதிகளில் காலை எட்டு மணிக்கே மையத்தைத் திறக்க ஒரு கூடுதல் உதவியாளரைப் போட்டாலே பல தாய்மார்கள் பிள்ளையை வேனில் ஏற்ற மாட்டார்கள்.

பள்ளி நிர்வாகத்தாரிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று வயதுப் பிள்ளையிடம் நிறத்தைக் காட்டி, பழத்தைக் காட்டி 'இன்டர்வியூ' நடத்தாதீர்கள். சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது, மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அதைவிட, சேர்ந்த பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று முதல் பருவத்துக்குள் பெற்றோர் நிறுத்தினால் மீதி ஃபீசைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த வருடத்துக்கு அந்தப் பிள்ளைக்கு இடத்தை வைத்திருங்கள்.

பள்ளிக்கல்வித் துறையிடம் என் கோரிக்கை: அடுத்த 25 சதவீத ஒதுக்கீட்டு அறிவிப்பில் எல்.கே.ஜி.க்கான பிறந்த தேதி வரம்பை மூன்று முடிந்து ஐந்து முடியாத பிள்ளைகள் என்று விரித்துப் போடுங்கள். முழுதாக முடியாவிட்டால், மே, ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளுக்காவது இரண்டு வருடங்களில் ஏதாவது ஒன்றில் விண்ணப்பிக்க அனுமதி கொடுங்கள். இணையதளத்தில் ஒரு தேதியை மாற்றினால் முடிந்துவிடுகிற வேலை இது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்