ஹாக்ஸ்பில் மலையேறும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அக்டோபர் வந்தால் வர்ஜீனியாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவோம். புளியோதரைப் பொட்டலத்தோடு போகும் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. போன வருடம் ஹாக்ஸ்பில் உச்சிக்குப் போகும் வழியில், நம் பிள்ளைகள் சிலர் பாதையை விட்டுப் பாறைச் சரிவில் இறங்கிக் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நானும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அந்த மாதிரிக் கற்களுக்கு அடியில்தான் ஷெனண்டோவா சாலமாண்டர் குடியிருக்கிறது. பார்க்க நம்மூர் அரணை போல, விரல் நீளத்தில் இருக்கும். ஆனால் அது தவளைக்குத்தான் உறவு. அதற்கு நுரையீரலே கிடையாது. தோலாலும் வாயின் உட்புறத்தாலும்தான் மூச்சு விடுகிறது. தோல் ஈரமாக இருக்கும்வரைதான் அந்த மூச்சும். பகலில் கல்லுக்கடியில் தங்கும் குளிர்ச்சிதான் அதற்கு உயிர். இரவில், ஈரம் இருந்தால் வெளியே வந்து சின்னப் பூச்சிகளைத் தின்னும். முட்டையிடக் குளமோ ஓடையோ தேடுவதில்லை. ஈரமான இடுக்கில் முட்டையிட்டுத் தாய் காவல் இருக்கும். தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமல் குட்டி நேராகவே வெளியே வரும்.

உலகத்தில் இது இருப்பது மூன்றே மலைகளில்: ஹாக்ஸ்பில், ஸ்டோனி மேன், பினக்கிள்ஸ். அதிலும் 800 மீட்டருக்கு மேலே, பெரும்பாலும் வடக்கு பார்த்த கற்சரிவுகளில். சுற்றியுள்ள காட்டுமண்ணில் இதன் உறவான செம்முதுகு சாலமாண்டர் இடம் பிடித்திருக்கிறது. சூடு கூடினால் இன்னும் மேலே போகலாமா? ஹாக்ஸ்பில்லின் உயரமே 1,235 மீட்டர்தான். 1989இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிர்கள் பட்டியலில் சேர்த்தது.

சூடு கூடுவதை ஒரு நாள் மலையேற வரும் நாம் நிறுத்த முடியாது, சரி. ஆனால் கல்லைப் புரட்டாமல், அடுக்கி விளையாடாமல், பாதையை விட்டு இறங்காமல் இருக்கலாமே. கண்ணில் பட்டாலும் பிடிக்க வேண்டாம். நம் கையில் சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் இருக்கும். மூச்சு விடும் தோலில் அது படக் கூடாது. ஹாக்ஸ்பில்லில் ஒரு பாதைக்குச் சாலமாண்டர் பாதை என்றே பெயர். ஏறும் முன் பிள்ளைகளிடம் அந்தப் பெயர்ப் பலகையைக் காட்டிக் காரணத்தைச் சொல்லுங்கள்.

இந்த அக்டோபரிலும் நான் வருவேன். யாராவது சரிவில் இறங்கினால் இந்த முறை கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்களோடு மலையேறும் ஒருத்தி