வசந்தாவுக்கு, மெத்தை விஷயமாக

போடிநாயக்கனூர்,
சித்திரை மாதம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் இடுப்பு வலி, மீதி அண்ணனின் குறட்டை. பேரன் நடக்க ஆரம்பித்த சேதியைக் கடைசியில் ஓரமாகக் கிறுக்கியிருக்கிறாய். அதையல்லவாடி முதலில் எழுத வேண்டும்!

இங்கே எல்லாரும் சௌக்கியம். இலவங்காய் வெடிக்கிற காலம். காலையில் வாசலைப் பெருக்கி முடித்துத் திரும்பினால் மறுபடியும் வெள்ளையாகக் கிடக்கிறது. எங்க வீட்டுக்காரருக்கு ஓயாத தும்மல். சின்ன மருமகள் தேனியில் பிசியோதெரபி பார்க்கிறாள் என்று போன தடவையே சொன்னேன் அல்லவா? உன் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். கீழே நான் எழுதுவதில் விவரமான பகுதி அவள் சொன்னது, வாயாடுகிற பகுதி என்னுடையது.

டாக்டர் "கட்டியான படுக்கையில் படுங்கள்" என்றார், அண்ணன் மெமரி ஃபோம் வேண்டும் என்கிறார், மகன் போனில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், கடைக்காரர் ஆர்த்தோ மெத்தையைக் காட்டுகிறார், நீயோ என்னிடம் இலவம்பஞ்சு மெத்தை தைத்து அனுப்பச் சொல்கிறாய். ஆளுக்கு ஒரு மெத்தை. ஆனால் படுக்கப்போவது உன் இடுப்புதானே, அதை யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

முதலில் அந்தக் 'கட்டி' விஷயம். நம் அம்மாக்கள் காலத்திலிருந்து முதுகு வலி என்றால் தரையில் பாயை விரித்துப் படு, இல்லாவிட்டால் பலகையில் படு என்றுதான் சொல்வார்கள். டாக்டர்களும் வெகு காலம் அதையே சொல்லி வந்தார்கள். மருமகள் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னாள். ஸ்பெயினில் நடந்தது, 2003இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரொம்பக் கட்டியான மெத்தையும் மறு பாதிக்கு நடுத்தரக் கட்டி மெத்தையும் கொடுத்தார்களாம். யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தால், படுத்திருக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் வலி நன்றாகக் குறைந்திருந்தது நடுத்தர மெத்தைக்காரர்களுக்குத்தான். காரணம் தெரியாத சாதாரண இடுப்பு வலிக்குத்தான் இந்தக் கணக்கு. வலி காலில் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ மெத்தையை விட்டுவிட்டு டாக்டரைப் பார் என்று அவள் அழுத்திச் சொல்லச் சொன்னாள். உனக்கு அப்படி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் மறைக்காதே.

விஷயம் இதுதான். நிற்கும்போது நம் முதுகெலும்பு எந்த வளைவில் இருக்கிறதோ, படுக்கும்போதும் அதே வளைவில் இருக்க வேண்டும். பலகை மாதிரிக் கட்டியாக இருந்தால் தோளும் இடுப்பும் மட்டும் பாரம் தாங்கும், நடுவில் இடுப்பு மடிப்பு அந்தரத்தில் நிற்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் இடுப்பு குழியில் இறங்கி முதுகு வளையும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் கொஞ்சம் அமுங்க வேண்டும், அதனால் மேலே இளக்கம் தேவை. குப்புறப் படுப்பவருக்குக் கட்டியாகத்தான் வேண்டும். நீ ஹாஸ்டல் காலத்திலிருந்தே சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுப்பவள். கட்டிப் பலகை உனக்கு ஆகாது.

கடைக்குப் போனால் உட்கார்ந்து அமுக்கிப் பார்த்துவிட்டு வராதே. சுடிதார் போட்டுக்கொண்டு போ, கூச்சப்படாமல் கால் நீட்டிப் படு, கால் மணி நேரமாவது படு. மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார். கை தாராளமாகப் போய் வந்தால் அது உனக்குக் கட்டி. கையே நுழையாமல் இடுப்பு உள்ளே இறங்கியிருந்தால் இளக்கம். லேசாகத் தள்ளி நுழைக்கும்படி இருந்தால் சரி. அப்புறம் ஒருக்களித்துப் படு, அண்ணனைப் பின்னால் நின்று உன் முதுகுத் தண்டு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். அவர் பார்க்க மாட்டார், போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். உன் மருமகளைக் கூட்டிப் போ.

ஆர்த்தோ என்ற பெயருக்கு மயங்காதே. அது டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தை இல்லை, விற்பதற்கு வைத்த பெயர். பெரும்பாலும் கட்டியான மெத்தைக்கு அந்தப் பெயரை ஒட்டுகிறார்கள். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல். துண்டு துண்டாகப் பல நிற ஃபோம் ஒட்டினது தெரிந்தால் அது ரீபாண்டட், ஃபோம் கழிவை அரைத்துப் பசை போட்டு அமுக்கியது. கெட்ட சரக்கு இல்லை, அடித்தளத்துக்கு நன்றாகவே தாங்கும். முழு மெத்தையும் அதுவே என்றால்தான் பலகை.

மெமரி ஃபோமைப் பற்றி அண்ணனிடம் சொல்: அது 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று கண்டுபிடித்த சாமான். உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும். அந்தச் சூடுதான் சென்னையில் வில்லங்கம். ஏசி போட்டால் இறுகுகிறது, ராத்திரி கரண்ட் போனால் இளகுகிறது, சூட்டையும் பிடித்து வைக்கிறது. குழியில் படுத்தவர் புரண்டு எழுவதும் சிரமம். நம் வயதில் புரள்வதே ஒரு வேலை. கத்தரி வெயிலில் அதில் படுக்க எனக்குப் பைசா கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்பிரிங்கில் இரண்டு வகை. போனல் என்பதில் எல்லாச் சுருளும் ஒன்றோடொன்று கோத்திருக்கும், அண்ணன் புரண்டால் நீயும் சேர்ந்து ஆடுவாய். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப் பையில் இருப்பதால் அந்த ஆட்டம் உன் பக்கம் அவ்வளவாக வராது. அண்ணன் 90 கிலோ, நீ 50. அதனால் பாக்கெட் ஸ்பிரிங்தான் என்று எழுத வந்தேன். அப்போதுதான் உன் கட்டில் ஞாபகத்துக்கு வந்தது.

உன் கல்யாணச் சீரில் வந்த தேக்குக் கட்டில், பலகை அடித்தது. ஆறேகால் அடிக்கு ஐந்தடி, உயரமே 15 அங்குலம் இருக்கும். மெத்தை வாங்கும்போது யாரும் பார்க்காத கணக்கு இது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். உன் உயரத்துக்குத் தரையிலிருந்து மெத்தை மேல்பக்கம் வரை 18, மிஞ்சினால் 20 அங்குலம். எங்க அக்கா ஆன்லைனில் பத்து அங்குல மெத்தையை வாங்கி உயரக் கட்டிலில் போட்டாள். பார்க்க ஹோட்டல் மாதிரி ஜோராக இருக்கிறது, ஏறுவதற்கு ஸ்டூல் போட்டிருக்கிறாள். ராத்திரி பாத்ரூமுக்கு இறங்கும்போது அந்த ஸ்டூலில் தடுக்கினால் இடுப்பு வலி இடுப்பு எலும்பு முறிவாகும். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். பாக்கெட் ஸ்பிரிங் மெத்தைகள் பெரும்பாலும் 6 அங்குலத்துக்கு மேல்தான் வருகின்றன. ஆகவே உனக்கு 5 அங்குலம், அதற்கு மேல் வேண்டாம்.

இருவருக்கும் தனித்தனியாக இரண்டு மெத்தை ஒட்டிப் போடலாம் என்றும் யோசித்தேன். எடை இவ்வளவு வித்தியாசம் என்றால் அதுதான் நல்ல வழி. ஆறடி அகலக் கட்டிலுக்குச் சரி, உன் ஐந்தடியில் ஆளுக்கு இரண்டரை அடிதான் வரும். அண்ணனுக்குப் போதாது.

கடைசியில் நானும் மருமகளும் வந்து நின்றது இதில்: கீழே 3 அங்குலம் ரீபாண்டட் அல்லது நல்ல கொயர், மேலே 2 அங்குலம் லேடெக்ஸ். கொயர் என்றால் தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அமுக்கியது, காற்று நன்றாக உள்ளே போகும். மட்டமான கொயர் நடுவில் தொய்ந்து தூளாகக் கொட்டும், அதனால் அதில் மட்டும் விலையைக் குறைக்காதே. லேடெக்ஸ் ரப்பர் பாலைக் கடைந்து நுரையாக்கிச் செய்வது. அமுங்கும், உடனே திரும்பும், மெமரி ஃபோம் மாதிரி குழியில் பிடித்து வைக்காது. அண்ணனின் எடையைக் கீழ்த்தளம் தாங்கும், உன் தோளுக்கு மேல்தளம் இளகும். சென்னையில் ஃபோம் கடைகளில் 75க்கு 60 அங்குலம் என்று அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள்.

ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. ஃபோமின் டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான், கட்டியா இளக்கமா என்பது வேறு. 75க்கு 60, தடிப்பு 5 அங்குலம் என்றால் சுமார் 0.37 கன மீட்டர். அதை 32 டென்சிட்டி ஃபோம் என்று சொன்னால் 12 கிலோ பக்கமாவது இருக்க வேண்டும், 40 என்றால் 15 கிலோ பக்கம். உனக்குச் சொன்ன 2 அங்குல லேடெக்ஸ் தனியாகவே, 80 டென்சிட்டி என்றால், 12 கிலோ பக்கம் வரும். தூக்கிப் பார்க்கும்போது காற்றாக இருந்தால் அது லேடெக்ஸ் இல்லை. தராசு கேள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், கணக்கு டீச்சராக இருந்தவள் நீ.

வாரன்டி அட்டையையும் வாசி. பத்து வருஷம் என்று பெரிதாகப் போட்டு, இத்தனை அங்குலத்துக்கு மேல் குழி விழுந்தால்தான் மாற்றுவோம், கறை பட்டால் கிடையாது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மகன் சொல்கிற சுருட்டி வரும் மெத்தையில் வீட்டில் போட்டுப் பார்த்துத் திருப்பலாம் என்பது நல்ல வசதிதான், ஆனால் திருப்பி எடுக்க யார் வருவார், பணம் முழுதாக வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். பலகைக் கட்டில் என்பதால் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையில் நாலைந்து ஓட்டை போடச் சொல். மழைக் காலத்தில் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை வாடை வராது.

இனி நீ கேட்ட இலவம்பஞ்சு. போடிக்காரி இதை எழுதினாள் என்று தெரிந்தால் ஊரில் என்னைச் சும்மா விட மாட்டார்கள். உனக்கு அந்த மெத்தை வேண்டாம். பஞ்சு அருமையானது, சூடு பிடிக்காது, நாருக்குள்ளே வெறும் கூடு, மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீரில் மிதக்கும், அதனால்தான் ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காக்கும் சட்டைக்குள் அதை அடைத்தார்கள். ஆனால் அமுங்கின இடம் தானாக எழும்பாது. இடுப்புப் பக்கம் குழி விழும், அடிக்கடி திருப்பிப் போட வேண்டும், வெயிலில் காயவைக்க வேண்டும், சில வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துப் பஞ்சை அடித்துத் திரும்ப அடைக்க வேண்டும். மூன்றாவது மாடியில் இதையெல்லாம் யார் செய்வது? பேரன் கீழே படுத்து உருள ஒன்று சின்னதாக வேண்டுமானால் சரி.

தலையணைக்கு மட்டும் இலவம்பஞ்சை மிஞ்ச எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுப்பவளுக்குக் காதுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி நிரம்ப வேண்டும், பஞ்சைக் கூட்டிக் குறைத்து அதைச் சரி பண்ணிக்கொள்ளலாம். இப்போது போடியிலிருந்து சென்ட்ரலுக்கு நேராகவே ரயில் இருக்கிறது. அடுத்த மாதம் வரும்போது இரண்டு தைத்து எடுத்து வருகிறேன். நீ சுவரில் தோளை ஒட்டி நின்று, தலையை நேராக வைத்து, காதுக்கும் சுவருக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. அண்ணனுக்கும் ஒன்று வேண்டுமா என்று கேள், வேண்டுமென்றால் அவருடைய அளவையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
கோமதி